இனிஷியலில் நின்றுபோன முதல் சம்பளம்

2023 ஜூன் மாதச் சம்பளம் ஜூலை 24-ஆம் தேதிதான் என் கணக்கில் ஏறியது. நெதர்லாந்துக் கம்பெனி ஜூன் 30 அன்றே அனுப்பிவிட்டது. நடுவில் இருபத்து நாலு நாள் அந்தப் பணம் எங்கே இருந்தது என்று தேடி அலைந்தேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இப்போது நிறையப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்க முயற்சி செய்கிறார்கள். அவர்களும் இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். கோவை சரவணம்பட்டியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். அப்பா போன பிறகு அம்மா கோத்தகிரியில் தனியாக இருந்தார். டான்டீ என்ற அரசுத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துப் பறித்து அவர் முழங்கால் தேய்ந்துவிட்டது. சரிவில் ஏறினால் ராத்திரி தூக்கம் வராது. அதனால் ஊரிலிருந்தே பார்க்கிற வேலையாகத் தேடினேன். எட்டு மாதத்தில் கிடைத்தது.

அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் ஆபீஸ் கிடையாது. அதனால் என்னை ஊழியராக எடுக்க முடியாது, கான்ட்ராக்டராகத்தான் எடுப்போம் என்றார்கள். பி.எஃப். இல்லை, சம்பளத்தில் வரி பிடித்ததற்குத் தரும் ஃபார்ம் 16 இல்லை. மாதக் கடைசியில் நானே இன்வாய்ஸ், அதாவது பில், போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் 30 நாள் நோட்டீஸ் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஒப்பந்தப் படிவத்தில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் இருந்தது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? பான் கார்டில் என் பெயரோடு அப்பா பெயர் 'முத்தையா' முழுசாக இருக்கிறது. அதையே எழுதினேன். பாஸ்புக்கில் வெறும் 'எம்.' என்று இருப்பதை அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை முதல் வாரம் பணம் வரவில்லை என்றதும் உள்ளூர்க் கிளைக்குப் போனேன். "வெளிநாட்டுப் பணமெல்லாம் எங்க கைக்கு வராதும்மா, மேல கேக்கணும்" என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அதே பதில். வெளிநாட்டுப் பணம் வந்து சேர வங்கிக்கு வேண்டிய அடையாளக் குறியீடான ஸ்விஃப்ட் கோடு சிறிய கிளைகளில் பலவற்றுக்குக் கிடையாது. எனக்குக் கொடுத்ததும் கோவை பெரிய கிளையின் கோடுதான். ஆகவே பணம் முதலில் அங்கே உள்ள அந்நியச் செலாவணிப் பிரிவுக்குப் போய், அங்கிருந்துதான் நம் கணக்குக்கு வரும்.

கோவைக்காரத் தோழி ஒருத்திதான் வழி சொன்னாள். அனுப்பிய கம்பெனியிடம், அப்போது 'எம்டி103' என்று சொன்ன வங்கித் தகவல் தாளின் காப்பி கேள் என்றாள். பணம் எந்த வங்கி வழியாகப் போனது, யார் பெயருக்குப் போனது, அதைப் பின்தொடரும் எண் என்ன என்று எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். அனுப்பியதற்கான சாதாரண ரசீது போதாது. மெயில் போட்ட மறுநாளே காப்பி வந்துவிட்டது. விடிகாலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போனேன். அந்தத் தாளைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் பொருந்தவில்லை, என்ன வகைப் பணம் என்ற பர்ப்பஸ் கோடும் இல்லை என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒப்பந்தம், இன்வாய்ஸ், பான் நகல் கொடுத்தேன். சாஃப்ட்வேர் கன்சல்டன்சிக்கான பி0802 என்ற கோடை எழுதினேன். அப்புறம், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஓர் உறுதிமொழிக் கடிதம். ராத்திரி வந்து இதைச் சொன்னபோது அம்மா தகரப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பம் எங்களுடையது. மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய அட்டை. அதில் தாத்தா பெயர் முன்பக்கம் ஒரு மாதிரி, உள்ளே ஒரு மாதிரி. "மண்டபம் கேம்ப்ல உங்க தாத்தாவும் ரெண்டும் நான்தான்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தாரு" என்றார் அம்மா.

அனுப்பியது 1,600 யூரோ. நடுவில் இருந்த ஒரு வங்கி 15 யூரோ பிடித்திருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கம்பெனியிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போடும்போதே கேட்டிருக்க வேண்டும். பணம் வந்ததற்கான சான்றையும் மாதாமாதம் வங்கியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கு காட்ட அதுதான் ஆதாரம்.

வரி விஷயத்தைக் குன்னூர் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுக் கம்பெனி டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே வரி, பிடிக்காது என்பதால் நாமேதான் கட்ட வேண்டும். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்ட முடிந்தது. அப்படிக் காட்டினால் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது முன்கூட்டிக் கட்டும் வரி, முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்டிவிட வேண்டும். முதல் வருடம் ஜி.எஸ்.டி. தேவைப்படவில்லை. மறு வருடம் சம்பளம் ஏறியதும், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டப் போகிறது என்று அவர் முன்கூட்டியே பதிவு செய்ய வைத்தார். ஏற்றுமதிச் சேவை என்பதால் எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே இன்வாய்ஸ் போடலாம். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

வேலை நேரத்தில் எனக்குக் குறையே இல்லை. கோடையில் நெதர்லாந்து நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. கோடையில் அவர்களுடைய காலை ஒன்பது நமக்குப் பகல் பன்னிரண்டரை. அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்து, துணி காயப்போட்டு நிதானமாக உட்காரலாம். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அதை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலமானால் கரடி இறங்குகிற ஊரில், ராத்திரி ஒன்பதரைக்கோ பத்தரைக்கோ வேலை முடித்து அடுப்படிக்கு நடந்தால் போதும் என்பது சின்ன விஷயம் இல்லை.

மழைதான் பிரச்சினை. எங்கள் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில். மரம் சாய்ந்தால் கரண்டும் ஃபைபர் கேபிளும் சேர்ந்தே போகும். இன்வெர்ட்டர் வைத்தேன், ஃபைபர் தவிர வேறு கம்பெனி சிம் இரண்டு வைத்திருக்கிறேன். ஒரு சிம்முக்கு சிக்னல் வேண்டுமென்றால் ஜன்னல் ஓரம்தான், அதனால் மேசையையே அங்கே போட்டுவிட்டேன். இதையெல்லாம் விட உதவியது வேறு. செப்டம்பரிலேயே என் மேலாளரிடம், நவம்பரில் ரோடு சரியும், இரண்டு நாள் நான் இல்லாமல் போகலாம் என்று சொல்லி வைத்தேன். அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் நான் உள்ளே வந்தபோது, "வீட்டில் எல்லோரும் பத்திரமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

எங்கள் கீழ் லைன் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு ஜெர்மனிக் கம்பெனி ஒன்றில் பேச்சு நடக்கிறது. போன திங்கட்கிழமை அவளை வங்கிக்குக் கூட்டிப் போய், பான் கார்டில் இருப்பதுபோலவே பாஸ்புக்கிலும் அவள் அப்பா பெயரை முழுசாகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்து வந்தோம். அவளுக்கு இன்டர்வியூவே அடுத்த வாரம்தான்.