பயத்துக்கு ஒரு நோட்டு போட்டேன்

தேர்வு முடிவு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்றாவது முயற்சி. பட்டியலில் என் எண் இருக்கிறது, நேர்முகம் பாக்கி. என்ன புத்தகம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நீங்கள் படிக்கும் அதே புத்தகங்கள்தான். மூன்று முறையும் அவையேதான். இந்த முறை கூடுதலாக இருந்தது நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டாவது முயற்சியில் கட் ஆஃபுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு. விடைக்குறிப்பு வந்ததும் வினாத்தாளை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தேன். நான் முதலில் வினாத்தாளில் வட்டமிட்டுக்கொண்டு, கடைசியில் மொத்தமாக ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டங்களைக் கறுக்கும் ஆள். (இது கெட்ட பழக்கம். இப்போது விட்டுவிட்டேன்.) வட்டமிட்டதில் சரியாக இருந்த ஏழு விடைகளை, கறுக்கும்போது மாற்றியிருக்கிறேன். ஏழும் அடுத்தடுத்த கேள்விகள். ஏன் மாற்றினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உள்ளங்கை ஈரமாக இருந்ததும், பக்கத்து மேசைக்காரர் தாளைப் புரட்டிய சத்தமும் மட்டும் நினைவிருக்கின்றன.

உடனே 'முதலில் தோன்றிய விடையை மாற்றாதே' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விடையை மாற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் லாபமே என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. யோசித்து மாற்றினால் சரி. அந்த ஏழையும் யோசித்து மாற்றியது நான் இல்லை. பயம் மாற்றியது, கை மட்டும் என்னுடையது.

அப்புறம் ஊரே அறிவுரை சொன்னது: பாசிட்டிவா யோசி. பயிற்சி வகுப்பில் ஒருவர், "உனக்கு எதிர்மறை எண்ணம் ஜாஸ்தி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இன்னும் கோபம் இருக்கிறது, சரி, விடுவோம். மேசைக்கு எதிர்ச் சுவரில் 'என்னால் முடியும்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் மனசு பதில் சொன்னது: "ஒன்றரை மார்க்." மூன்றாவது வாரம் கிழித்துப் போட்டேன்.

1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட மோசம், பிறகு கரடியை நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். என் சுவரில் நடந்ததும் அதுதான்: பயத்தை அடக்கப் பார்த்தேன், அது திரும்பத் திரும்ப வந்தது.

நோட்டு தொடங்கியது எரிச்சலில். மாதிரித் தேர்வு எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நான்கு கட்டம்: மணி, உடம்பில் எங்கே, பெயர், மனசு சொன்ன வாக்கியம். ஒரு பக்கத்திலிருந்து அப்படியே:

10.41. வயிறு. பயம். "போச்சு, இந்த வருஷமும் அவ்வளவுதான்."
10.48. ஒன்றுமில்லை.
11.15. கழுத்து. முதலில் பயம் என்று எழுதி அடித்துவிட்டேன். பொறாமை. "அவங்க எல்லாம் முடிச்சிருப்பாங்க."

அந்த 10.48தான் விஷயமே. அதை எழுதும்போது எனக்கு அது தெரியவில்லை. பதினொரு மாதிரித் தேர்வு முடிந்து நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. எனக்குப் பயம் வருவது கடினமான கேள்வியால் இல்லை. தெரியாத கேள்வி தொடர்ந்து மூன்று வந்தால் வருகிறது. வந்தால் ஆறேழு நிமிடம் இருக்கிறது. நான் எதுவும் செய்யாவிட்டாலும் போய்விடுகிறது. அதுவரை, பயம் வந்தால் தேர்வு முடியும்வரை கூடவே உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நடுவில் ஒரு கூத்து. ஐந்தாவதாக 'ஏன்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஏன் பயம், ஏன் எனக்கு மட்டும், சின்ன வயதில் யார் திட்டினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். இரண்டு வாரம் படிப்பு போனது. பயம் கொழுத்தது. தள்ளி நின்று பார்ப்பதும் தோண்டிக்கொண்டே இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், ஏமாறாதீர்கள். கட்டத்தைப் பேனாவால் அடித்தேன்.

எனக்கு உதவியவை, வரிசை எல்லாம் பார்க்காதீர்கள்:

– 'நான் பயப்படுகிறேன்' என்று எழுதாமல், என் பெயரைப் போட்டு அந்த ஆளுக்குப் பயம் வந்திருக்கிறது என்று எழுதுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸ் குழு 2014இல் இதைச் சோதித்தது. மேடைப் பேச்சுக்கு முன் தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் பதற்றத்தைக் கூடுதலாகச் சமாளித்தார்கள். முதலில் கிறுக்குத்தனமாக இருக்கும்.
– சரியான பெயர். பயம் என்று நான் எழுதியதில் பாதி வெட்கம்.
– நிஜத் தேர்வில் மூன்று சொல்லுக்கு மேல் எழுதாமல் இருப்பது.
– தேர்வு நாளில், தேர்வு தொடங்குவதற்கு முந்தைய கடைசி பத்து நிமிடம் குறிப்புகளைப் புரட்டாமல் மனசில் இருக்கும் கவலையை எல்லாம் தாளில் கொட்டுவது. ராமிரெஸ், பெய்லாக் என்ற இருவர் 2011இல் சயன்ஸ் இதழில் எழுதியது. தேர்வுப் பதற்றம் உள்ள மாணவர்களுக்கு இதனால் மதிப்பெண் கூடியது. பதற்றம் இல்லாதவர்களுக்கு இது வேலை மெனக்கெட்ட வேலை.
– தியானம் எனக்கு வரவில்லை. தூங்கிவிட்டேன்.

தேர்வு அன்று 58, 59, 60 மூன்றும் தெரியவில்லை. வயிறு இறுகியது. வினாத்தாளின் ஓரத்தில் 'வந்தாச்சு, வயிறு' என்று எழுதி, மணியையும் குறித்தேன். பேனாவை மூடினேன். அடுத்த ஏழு நிமிடம் எதையும் கறுப்பதில்லை, படிக்க மட்டும் செய்வது என்பது முன்பே எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. கேள்விகளைப் படித்துக்கொண்டே போனேன். 66க்கும் 71க்கும் விடை தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனசு சொன்ன வாக்கியமும் மாறியிருந்தது: "போன தடவையும் ஏழு நிமிஷத்துல போச்சே." எனக்கு வாய்த்த நேர்மறை எண்ணம் இவ்வளவுதான். சுவரில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் அதை என்னால் நம்ப முடிந்தது, ஏனென்றால் பதினொரு பக்கத்தில் என் கையெழுத்தில் சாட்சி இருந்தது.

இயல்பிலேயே அலட்டிக்கொள்ளாதவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு இன்னும் இரண்டு மாதிரித் தேர்வு எழுதலாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்பவர்கள் நோட்டை நம்பாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும், கை வேர்க்கும் கூட்டத்துக்காகத்தான் இவ்வளவும்.

முடிவு வந்த அன்றும் நோட்டைத் திறந்தேன். 4.20. தொண்டை. சந்தோஷம். "பக்கத்து எண்ணைப் பார்த்திருப்ப, மறுபடி பாரு." பார்த்தேன். என் எண்தான். 4.27க்கு நேராக எழுத ஒன்றும் தோன்றவில்லை, அந்த வரி காலியாகவே இருக்கிறது.