15-ஆம் தேதிக் காய்ச்சல்

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி வாக்கில் எனக்கு ஒரு காய்ச்சல் வரும். சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நியூயார்க்கில் இருக்கிற க்ரைட்டீரியன் கம்பெனி, இன்னும் மூன்று மாதம் கழித்து எந்தெந்தப் பழைய படங்களை டிஸ்க்கில் கொண்டுவரப் போகிறது என்று அறிவிப்பது அந்த நாளை ஒட்டித்தான். அவர்களுக்குப் பகல், நமக்கு இரவு. சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி முதலில் கிரிக்கெட் ஸ்கோர் என்று நினைத்தாள். இப்போது விஷயம் தெரியும், "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இதில் எனக்குக் கூட்டாளி நியூஜெர்சியில் இருக்கும் மாமா பையன். சின்ன வயதில் இரண்டு பேரும் பர்மா பஜாரில் டிவிடி பொறுக்கியவர்கள். ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஆளுக்கு 10 படம் எழுதிக்கொள்வோம், அந்த வருஷம் எதெல்லாம் வரும் என்று. யார் பட்டியலில் அதிகம் பலிக்கிறதோ அவருக்கு மற்றவர் ஒரு டிஸ்க் வாங்கித் தர வேண்டும். அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடையில் ஜூலையிலும் நவம்பரிலும் க்ரைட்டீரியனைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். இதுவரை அவன்தான் அதிகம் ஜெயித்திருக்கிறான். ஆனால் அவன் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துவருவது என் டிஸ்க்குகளைத்தான், அதனால் கணக்கு ஒரு மாதிரி சரியாகிவிடும்.

ஜனவரி 1 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. புத்தாண்டு அன்று க்ரைட்டீரியன் ஒரு கார்ட்டூன் வெளியிடுவார்கள். அந்த வருஷம் வரப்போகிற படங்களுக்கான துப்புகளை அதற்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து நாங்கள் படுகிற பாடு இருக்கிறதே. ஒரு குடை இருந்தால் போதும், ஒருவன் மழைப்பாட்டு உள்ள ஹாலிவுட் படம் என்பான், இன்னொருவன் இல்லை, பிரெஞ்சுக்காரர்களின் குடைக்கடைப் படம் என்பான். அது வெறும் குடையாகவே இருக்கலாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

வெளியே இருந்து பார்த்தால் கிளி ஜோசியம் மாதிரித்தான் தெரியும். அப்படி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சும்மா ஆசையை யூகமாகச் சொல்ல மாட்டார்கள், படத்தின் மூல ஃபிலிமான நெகட்டிவ் எங்கே இருக்கிறது, உரிமை யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்வியில்தான் ஆரம்பிப்பார்கள். மே மாதம் கான் விழாவில் பழைய படங்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. ஜூனில் இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் முழுக்க முழுக்கப் பழைய படங்களுக்கான விழா. புதிதாக ரீஸ்டோர் செய்த, அதாவது பழுது நீக்கிப் புதுப்பித்த பிரதியைத் திரையிடும் முன் யார் பணம் கொடுத்தது, எந்த லேபில் வேலை நடந்தது, எந்த நெகட்டிவில் இருந்து எடுத்தது என்று ஒரு அட்டை போடுவார்கள். மற்றவர்களுக்கு அது படம் தொடங்கும் முன் வரும் இடைஞ்சல். எங்களுக்கு அதுதான் படம்.

2025 மேயில் சத்யஜித் ராயின் 'ஆரண்யேர் தின் ராத்ரி' கானில் திரையிடப்பட்டது. ஷர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் போயிருந்தார்கள், வெஸ் ஆண்டர்சன் பேசினார் என்றெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. மாமா பையன் அதில் எதையும் அனுப்பவில்லை. ரீஸ்டோர் செய்ததில் பங்குள்ளவர்களின் பெயர் வரிசையை மட்டும் அனுப்பினான். மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன், ஹாலிவுட் இயக்குநர் ஸ்கார்செஸியின் வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட், ஜேனஸ், க்ரைட்டீரியன். ஜேனஸும் க்ரைட்டீரியனும் அண்ணன் தம்பிக் கம்பெனிகள். கீழே ஒரு வரி: "மச்சான், கல்யாணப் பத்திரிகையே அடிச்சுட்டாங்க, தேதி மட்டும்தான் பாக்கி."

இப்படிப் பெயர் வந்துவிட்டால் உடனே டிஸ்க் வரும் என்று இல்லை. என்னை ரொம்பக் காக்க வைத்தது நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா'. 1948-இல் வந்த படம், நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்தது. கேமரா கே. ராம்நாத். லலிதாவும் பத்மினியும் அதில் ஆடியிருக்கிறார்கள், பத்மினிக்கு அதுதான் முதல் படம். ஸ்கார்செஸியின் அமைப்பு பொலோன்யாவில் அதை ரீஸ்டோர் செய்து 2012-இல் கானில் போட்டது. அடுத்த வருஷமே அதே அமைப்பின் படங்களைத் தொகுத்து க்ரைட்டீரியன் ஒரு பெட்டி போட்டது. அதில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் 'திதாஷ் ஏக்டி நதீர் நாம்' இருந்தது, 'கல்பனா' இல்லை. சரி, இரண்டாவது பெட்டியில் வரும் என்றேன். இல்லை. மூன்றாவது? இல்லை. கடைசியில் 2022-இல் நான்காவது பெட்டியில் வந்தது. பத்து வருஷம். நான் நடுவில் வெறுத்துப்போய் அந்த வருஷப் பட்டியலில் அதை எழுதாமல் விட்டிருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தாமதத்துக்கு நல்ல காரணமும் இருக்கும். க்ரைட்டீரியன் டிஸ்க்குகளின் முதுகில் ஒரு எண் இருக்கும், நாங்கள் ஸ்பைன் நம்பர் என்போம். டிவிடி காலத்தில் முதல் எண்ணை பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'தி கிராண்ட் இல்யூஷன்' படத்துக்கு ஒதுக்கினார்கள். 1998-இல் வர வேண்டியது. ஆனால் இரண்டாம் எண் 'செவன் சாமுராய்' வெளியாகி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான், 1999 கடைசியில், அது வந்தது. கையில் இருந்த பிரதியைவிட நல்ல மூலம், அசல் நெகட்டிவே, கிடைத்துவிட்டதுதான் காரணம். போரில் அழிந்துபோனது என்று எல்லோரும் நினைத்த அந்த நெகட்டிவ் நாஜிகள் கையில் பெர்லினுக்குப் போய், அங்கிருந்து ரஷ்யர்கள் கையில் மாஸ்கோவுக்குப் போய், 1960-களில் பிரான்சின் துலூஸ் ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பி, என்ன ஏது என்று யாரும் பார்க்காமலே வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்திருக்கிறது. வந்த டிஸ்க்கின் கதையும் சுகமில்லை. 2010-இல் உரிமை கைமாறி க்ரைட்டீரியன் கையை விட்டுப் போய்விட்டது. முதல் எண் போட்ட டிஸ்க் கடையிலேயே இல்லை என்றால் சேகரிப்பவனுக்கு எப்படி இருக்கும்? அலமாரியில் 2-இல் ஆரம்பிக்கும் வரிசை. என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ராயின் அப்பு முப்படங்களின் கதையைத் தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் அந்த நெகட்டிவ்கள் எரிந்தும் உருகியும் போயின. இனி ஒன்றுக்கும் ஆகாது என்றாலும் யாரோ புண்ணியவான் குப்பையில் போடாமல் அமெரிக்காவின் அகாடமி காப்பகத்தில் வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து பொலோன்யா லேபில் கையாலேயே பிரித்து, ஈரப்பதம் ஏற்றி, ஓரங்களை ஒட்டி, 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் சுமார் 60 சதவீதமும் மூல நெகட்டிவில் இருந்தே மீட்டார்கள். 2015-இல் தியேட்டரில் போட்டு, அந்த வருஷக் கடைசியிலேயே டிஸ்க். நான் வாங்கிய முதல் க்ரைட்டீரியன் பெட்டி அதுதான். ஆசை ஆசையாகப் போட்டால் என் பிளேயரில் ஓடவில்லை. அமெரிக்க ப்ளூரே ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம் என்பதைப் படித்தும் அசட்டையாக இருந்தது நான்தான். ரிச்சி தெருவில் அலைந்து எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வரை ராய் உறைக்குள்ளேயே இருந்தார். இப்போது ப்ளூரேயைவிடத் துல்லியமான 4கே டிஸ்க்குகளில் அந்தத் தொல்லை இல்லை. 4கேயில் மண்டலப் பூட்டே கிடையாது, அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேரடியாக 4கேக்கே போய்விடுங்கள். பிளேயர் கிடைத்தால், என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்போ பிளேயர் செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டது, சாம்சங் அதற்கு அடுத்த வருஷம்.

காத்திருந்து கிடைத்ததெல்லாம் இனிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்' 2000-இல் வந்த பழைய டிவிடியோடு அப்படியே நின்றுவிட்டது, ப்ளூரே கூடக் கிடையாது. வருஷா வருஷம் 'இந்த வருஷம் வருது' என்று ஒரு பேச்சு கிளம்பும், அது ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. 2024 மார்ச்சில் 'ட்ரூ லைஸ்', 'ஏலியன்ஸ்' இரண்டோடும் சேர்ந்து 4கேயில் வந்தது. வந்த வேகத்தில் 'ட்ரூ லைஸ்' பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஃபிலிமின் மணி மணியான தன்மையை வழித்து எடுத்துவிட்டு, முகங்களைக் கல்யாண ஆல்பத்தில் செய்கிற மாதிரி மெழுகி வைத்திருந்தார்கள். அந்தப் படத்துக்காக அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். வாங்கவில்லை.

இதைவிட முற்றிய நிலையும் உண்டு. வினிகர் சிண்ட்ரோம் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி. பழைய ஃபிலிம் அழுகும்போது புளித்த காடி வாடை வருமே, அந்த நோயின் பெயரையே கடைக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வருஷச் சந்தா கட்டுகிறவர்கள், என்னென்ன படம் வரும் என்று முழுசாகத் தெரியாமலே மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்கிறார்கள். மாமா பையன் இரண்டு வருஷம் கட்டினான். அப்புறம் அவன் வீட்டம்மா கணக்குக் கேட்டாள்.

இங்கேதான் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். 'கல்பனா' எடுத்த அதே ஜெமினியில், அதே 1948-இல்தான் வாசனின் 'சந்திரலேகா'வும் வந்தது. அந்த முரசு நடனத்தைப் பற்றிப் பேசாத சினிமா எழுத்தாளர் இல்லை. ஒரு படத்தை நியூயார்க்கில் பெட்டி போட்டு விற்கிறார்கள். இன்னொன்றுக்கு என்னிடம் இருப்பது ஓரம் வெட்டுப்பட்ட, பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குகிற ஒரு மலிவு டிவிடி. அண்ணா மேம்பாலத்தை இன்னமும் ஜெமினி என்றுதான் சொல்கிறோம், பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவுகிறார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஓட்டல் நிற்கிறது.

தமிழ்ப் படங்களைப் பற்றி யூகிக்க உட்கார்ந்தால் கையில் துப்பே சிக்காது. நெகட்டிவ் எந்த லேபில் இருந்தது, அந்த லேப் மூடியபோது எங்கே போனது, தயாரிப்பாளர் போன பிறகு நெகட்டிவ் ரைட்ஸ் எந்த மகனிடம், சாட்டிலைட் யாரிடம், வெளிநாட்டு உரிமையான எஃப்.எம்.எஸ். யாரிடம் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாகப்பிரிவினை வழக்கு மாதிரி போகும். 2012 மார்ச்சில் ரீஸ்டோர் செய்த 'கர்ணன்' தியேட்டருக்கு வந்து 100 நாளைத் தாண்டி ஓடியபோது, சரி, கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்தடுத்து 'பாசமலர்', 'ஆயிரத்தில் ஒருவன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எல்லாம் புதுப்பித்து வந்தன. நானும் ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் வரும் என்று ஒரு வருஷம் குறித்து வைத்தேன். நம்மூரில் பெரும்பாலும் வழி வேறு. தியேட்டர், அப்புறம் டிவி, அப்புறம் மொபைல். 2007-இல் மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று இறக்கியபோது மளிகைக் கடையில்கூட எம்.ஜி.ஆரும் சிவாஜியும் தொங்கினார்கள். எல்லோர் வீட்டுக்கும் படம் போய்ச் சேர்ந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிஸ்க் என்றால் காப்பிக்குக் கொடுக்கிற காசு என்று மனசில் பதிந்துபோனதும் அப்போதுதான் என்பது என் எண்ணம். அந்த விலைக்கு யார் நெகட்டிவைத் தேடிப் போவார்கள்?

ஆள் இல்லை, கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. உலகத்தில் பல காப்பகங்கள் ஃபிலிமை ஸ்கேன் செய்யப் பயன்படுத்தும் ஸ்கேனிட்டி என்ற இயந்திரத்தைச் செய்யும் ஜெர்மன் கம்பெனி, சாலிகிராமத்து பிரசாத் குழுமத்தைச் சேர்ந்தது. ஹாலிவுட் படங்களின் கீறல்களைச் சென்னைப் பிள்ளைகள் உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள். இதை முதலில் கேட்டபோது மாமா பையன் ரொம்ப நேரம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷப் பட்டியலையும் எழுதி அனுப்பியாயிற்று. ஒன்பது படம் ஒழுங்காக யோசித்து, பொலோன்யா அட்டவணை பார்த்து, பிரிட்டிஷ் சென்சார் போர்டு எந்தெந்தப் பழைய படத்துக்கு வீடியோவுக்கென்று புதுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்று துருவிப் பார்த்து (அது நல்ல துப்பு, முயற்சி செய்து பாருங்கள்) எழுதியவை. பத்தாவதாக 'சந்திரலேகா'. எல்லா வருஷமும் பத்தாவது அதுதான். உடனே பதில் வந்தது: "டேய், மறுபடியுமா? ஒன்பதுக்குத்தான் மார்க் போடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன்.