பிள்ளைக்காம்பரா இல்லாத ஊர்

போன மாதம் எங்கள் மகளிர் குழுவின் கணக்கைப் பார்க்க வந்த பெண், பாஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தொடங்கிய ஆண்டு 1999" என்று எழுதிக்கொண்டார். "அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சும்மா" என்றேன். "அக்கவுண்ட் எப்ப ஓப்பன் ஆச்சோ அதுதாங்க தேதி" என்று சிரித்தார். நல்ல பெண்தான். ஆனாலும் சுருக்கென்றது.

அந்தக் கதை இலங்கையில் தொடங்குகிறது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். நாங்கள் இந்தியப் பங்கு. எழுபதுகளில் இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒப்பாரிக் கோச்சி (பிரிகிறவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கு அந்தப் பேர்) ஏறி, தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் எங்கெங்கோ சுற்றி இந்தக் கோத்தகிரி மலை. எங்களைப் போன்றவர்களுக்காகவே 1968-ல் அரசு தொடங்கிய டேன்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்கு வாய்த்தது வியாபாரக் கடன். அப்பாவுக்குத் தேயிலையைத் தவிர எந்த வியாபாரம் தெரியும்? அது கரைந்ததும் சின்னத் தோட்டங்களிலும் கேரட் காடுகளிலும் தினக்கூலி.

பனி அதே பனி, கொழுந்து அதே கொழுந்து, பழகிவிடும் என்றுதான் நினைத்தோம். பாலும் சர்க்கரையும் கலந்த டீயைப் பார்த்து அம்மாயி முகம் சுளித்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தால்தான் அதற்குக் குடித்த மாதிரி இருக்கும். இந்த ஊர் வரிக்கி பிஸ்கட்டோடு மட்டும் முதல் நாளே சமாதானம்.

பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு, எங்கே போவது? இலங்கையில் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள், நடுவில் வந்து பால் கொடுப்பார்கள். இங்கேயும் 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது, பெரிய எஸ்டேட்டில் இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் குனிந்து வேலை செய்யும் கேரட் காட்டில் யார் கேட்பது! வரப்பில் சாக்கை விரித்துப் பிள்ளையைப் போட வேண்டியதுதான். குளிரில் அது நீலம் பாரித்து அழும், காட்டுக்காரர் வேலை நிற்கிறது என்று கத்துவார், அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். ஒரு நாள் அத்தை கூடையைக் கீழே போட்டுவிட்டு, "நாளைக்கு ஒருத்தி வீட்ல இருங்கடி, அவ கூலிய நாம போட்டுக் குடுப்போம்" என்றது.

எங்கள் சங்கம் பிறந்தது அப்படித்தான். பேர் கிடையாது, நோட்டு கிடையாது. முறை வைத்து ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியில் அவர்களுக்குக் கஞ்சி. மிஞ்சிய அரிசியை விற்ற காசு பிரசவத்துக்குப் போகிறவள் கையில். சண்டை வராமல் இல்லை, இரட்டைப் பிள்ளைக்காரி ஒரு பிடி போடுவதா இரண்டு பிடியா என்பது தீரவே இல்லை.

1989-ல் தருமபுரியில் அரசாங்கம் சுய உதவிக் குழு ஆரம்பித்தது, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்று மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எங்களுக்குச் சேமிப்பைச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வந்தார்கள்! ஒரு குழுவில் 12 முதல் 20 பேர்தான் என்றார்கள், சரி என்று இரண்டாகப் பிரிந்தோம். வங்கிக் கடனில் பிள்ளைகள் படித்தார்கள். சாதிச் சான்றிதழுக்கு 'சிலோன்காரங்களுக்கு என்ன அத்தாட்சி' என்று ஒரு அலுவலகத்தில் இழுத்தடித்தபோது எல்லோரும் ஜீப் பிடித்துப் போய் வராந்தாவில் உட்கார்ந்தோம்.

இப்போது நான் கோத்தகிரிக்காரிதான். ரேஷன் அட்டை, மருமகன், மூட்டு வலி எல்லாம் இந்த ஊர்தான். ஆனாலும் ஊர் எது என்று கேட்டால் வாய் முந்திக்கொண்டு அட்டன் என்கிறது, அதுவும் டவுன் இல்லை, கோச்சி கூவுவது மட்டும் கேட்கிற மேல் டிவிசன், மழை பிடித்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தகரத்தில் விழும் சத்தத்தில் பேசினாலும் காது கேட்காது.

இந்தச் சுற்று வட்டாரத்தில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களும் கொழுந்து பறிக்கிறார்கள். முதுகில் துணியால் பிள்ளையைக் கட்டிக்கொண்டே பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளையும் நாம் பார்த்துக்கொள்ளலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. "இந்த விலாசத்துல ஆதார் இல்லாம எப்படிச் சேர்க்கிறது" என்றாள் பொருளாளர். எண்பதைத் தாண்டிய அத்தை மூலையிலிருந்து, "கடன் குடுக்கத்தான்டி ஆதாரு, கஞ்சி ஊத்தவுமா?" என்றது. பேச்சு அன்றைக்கு முடியவில்லை. வருகிற ஞாயிறு மறுபடி கூடுகிறோம், அவர்களில் கொஞ்சம் தமிழ் பேசுகிற பெண்ணையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம்.