பிக்கப் இல்லை என்றதும் பம்ப்பைக் கழற்றாதீர்கள்

பழைய டீசல் வண்டி மிதித்தவுடன் எழாமல், ஒரு நொடி செத்துப்போய் அப்புறம் இழுத்தால், பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கேட்கும் வார்த்தை "பம்ப் போச்சு" என்பதுதான், அதாவது டீசலை அழுத்தி இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப். மாமாவின் டாடா 407, ஓசூரிலிருந்து பெங்களூர் கலாசிபாளையத்துக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி, அதற்கும் இதையே சொன்னார்கள். வண்டியை ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்காமல் பம்ப் சர்வீஸ், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசில் மாற்றணும் என்று பெரிய தொகை சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

முதலில் புகையைப் பாருங்கள். லோடோடு மேம்பாலம் ஏறும்போது பின்னால் ஒருவர் பைக்கில் வந்தால் போதும். கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது, காற்றுதான் பத்தவில்லை. ஏர் ஃபில்டரையும், டர்போ வண்டி என்றால் அதன் ஹோஸையும் பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், சென்னையை விட இங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசு, அதனால் அடைத்த ஃபில்டர் இங்கே சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டைமிங் (டீசல் பீச்சும் நேரம்), நாசில், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்துவது) பக்கம் போகலாம். புகையே இல்லாமல் திணறினால் டீசல் போய்ச் சேரவில்லை.

எங்கள் வண்டி இந்த மூன்றாவது வகை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சுகிற பக்கம். அங்கே கசிவு இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்த மாதிரி. லைன் காய்ந்து கிடக்கிறதே, லீக் எங்கே என்று கேட்டுவிட்டு மெக்கானிக் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஃபீட் பம்ப்பின் இன்லெட்டில் டீசல் தாங்குகிற, உள்ளே தெரிகிற ஹோஸ் ஒரு துண்டு மாட்டினோம். ஐடிலில் டீசல் தெளிவாகப் போனது. ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்ததும் கடுகு கடுகாகக் குமிழ் வர ஆரம்பித்தது, ஏனென்றால் டீசல் அதிகம் தேவைப்படும்போது உறிஞ்சலும் கூடுகிறது. டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ், கிளாம்புக்கு அடியில் மயிரிழையாக வெடித்திருந்தது. ஹோஸையும் காப்பர் வாஷர்களையும் மாற்றி, ஹேண்ட் பம்ப் அடித்து நுரை நிற்கும்வரை ஏர் எடுத்தோம். சில்க் போர்டு சிக்னலில் இப்போது மிதித்ததும் கிளம்புகிறது.

குமிழ் வராவிட்டால் டீசல் ஃபில்டர், டேங்க் ஸ்ட்ரெய்னர் (டேங்குக்குள் இருக்கும் சல்லடை) அடைத்திருக்கிறதா பாருங்கள். திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ்ஸென்று காற்றை இழுத்து அப்புறம் வண்டி சரியாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெடலை முழுக்க மிதிக்கும்போது பம்ப் லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொடுகிறதா என்பதையும் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை.

இத்தனையும் சரியாக இருந்து இன்னும் திணறினால் தாராளமாகப் பம்ப்பைக் கழற்றலாம். அப்போதும் பம்ப் தள்ளும் டீசலை அளக்கிற கலிப்ரேஷன் பெஞ்சில் ஏற்றும்போது கூடவே நின்று, எதையும் திருகுவதற்கு முன்னால் பழைய அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.