டேங்க் 3

நவம்பர் 4
அக்ரோபோரா பவளத்துக்கு அடியில வெள்ளையா தெரியுது. நேத்து நைட்டு லைட் ஆஃப் பண்றப்போ இல்ல. அட்டெண்டர் அண்ணன் பாத்துட்டு "வெளுத்துடுச்சா பாப்பா"ன்னாரு. வெளுத்திருந்தா பரவால்லையே, அதுல உள்ள இருக்கற பாசிதான் போகும், சதை ட்ரான்ஸ்பரன்ட்டா மேலயே இருக்கும், பொழைக்க சான்ஸ் இருக்கு. இங்க சதையே உரிஞ்சு போச்சு. வெறும் எலும்பு.

நவம்பர் 5
மெயில் வரல.

நவம்பர் 6
ஆல்கலினிட்டி, அதாவது தண்ணில கரைஞ்ச கார்பனேட் அளவு, 9.8 டிகேஹெச், போன வாரம் 7.6 இருந்துச்சு. கடலூர் தேவனாம்பட்டினத்துல கெடிலம் ஆத்துத் தண்ணி வந்து விழுந்து கடலே கலங்கலா கெடக்கு, உப்பு ஆயிரத்துக்கு 35 எங்க வரப்போவுது, அதான் பாக்கெட் உப்பு கலக்கி மாத்துனாங்க, அதுல ஆல்கலினிட்டி ஜாஸ்தி. சார் இதான் காரணம்னு முடிச்சிட்டாரு. இருக்கலாம், திடீர்னு ஏறுனா அக்ரோபோரா தாங்காது, அதுவும் நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் சுத்தமா இல்லாத தண்ணில ஏறுச்சுன்னா நுனி கருகும். ஆனா இது நுனில ஆரம்பிக்கலயே, அடிலேர்ந்துல்ல மேல ஏறுது, பக்கத்துலயே இன்னொரு பவளம், பொசிலோபோரா, ஜம்முனு இருக்கு, அதே தண்ணி அதே லைட்.

நவம்பர் 7
பவளத்த திங்கற தட்டைப்புழுவான்னு டார்ச் வெச்சு தேடுனேன். அது பவள கலர்லயே ஒட்டிட்டு இருக்கும், கண்ணுக்கே ஆப்படாது, பிப்பெட்ல தண்ணிய பீச்சி அடிச்சா கழண்டு வரும். வரல. கடிச்ச தழும்பும் இல்ல, எலும்புல முட்டையும் இல்ல. புழுவா இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும், காரணம்னு கைல ஒண்ணாவது இருக்கும்.

மெயில் வரல.

நவம்பர் 9
ஓரத்துல ப்ரவுன் கலர்ல கொழகொழன்னு இருந்தத எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சேன். ஐயோ. சிலியேட் மொய்க்குது, ஒத்தை செல் உயிரி. ஒவ்வொண்ணு வயித்துக்குள்ளயும் தங்க கலர்ல உருண்டை உருண்டையா, எல்லாம் பவளத்தோட பாசி, சதையோட சேத்து முழுங்கிருக்கு. அந்த ப்ரவுனே அதனாலதான். ஆனா இவன் கொன்னவனா, இல்ல சாவு வீட்டுக்கு சாப்பிட வந்தவனா? பாக்டீரியா முதல்ல வந்து வழி விட்டுதா? விப்ரியோ பாக்டீரியா வளருதான்னு பிளேட் போட்டு வெச்சிருக்கேன், வளந்தாலும் என்னத்த ப்ரூவ் பண்றது, விப்ரியோ நல்லா இருக்கற பவளத்துலயும்தான் இருக்கு.

நவம்பர் 10
மழை. கரண்ட் இல்ல. பேட்டரி ஏர் பம்ப் ஓடுது. அம்மா போன், "ஏண்டி அங்கயே கெடக்கற, கெளம்பி வா." அம்மாவுக்கு காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே 2011 தானே புயல்தான்.

நவம்பர் 11
வெட்டிட்டோம். சதை இருக்கற எடத்துல ஒரு விரக்கடை மேல தள்ளி போன் கட்டர்ல நறுக்கு, லூகால் அயோடின்ல முக்கி, வெட்டுவாய்ல சூப்பர் க்ளூ. லேப் அக்கா கை நடுங்கவே இல்ல, எனக்குதான் பாக்க முடியல. போச்சுன்னா வேற கொண்டு வர்றது லேசா? 2001லேர்ந்து கல் பவளம் மொத்தமும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை 1, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம், அந்த பர்மிஷன் பேப்பருக்கு திரும்ப எத்தன மாசம் அலையணுமோ.

நவம்பர் 13
வெட்டுனதுல ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா முழுசா போச்சு. டெம்பரேச்சர் 26, ஆடல அசையல. மத்ததெல்லாம் பாலிப் விரிச்சு நிக்குது. ஒரே தாய்லேர்ந்து வந்த துண்டுங்க. சார்கிட்ட கேட்டேன், "ம்"னாரு.

நவம்பர் 14
மெயில் வந்துச்சு. அதப் பத்தி இப்ப வேணாம்.

ஆல்கலினிட்டி 8.1. பிளேட்ல மஞ்சளா வளந்திருக்கு. மொன்டிபோரா பவளத்து ஓரத்துல ஏதோ வெள்ளையா ஒரு கோடு, புதுசா வளர்ற விளிம்பும் இப்பிடித்தான் வெளுப்பா இருக்கும், சாயந்திரம் லென்ஸ் வெச்சு