தரையில் நிற்கும் விமானம்

தேசிய விமான நிறுவனம் நஷ்டத்தில் ஓடினால், உடனே டிக்கெட் விலையைக் குறை என்பார்கள். கோளாறு அங்கே இல்லை.

அயர்லாந்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏரின் விமானம் வந்து நின்ற 25 நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது கணக்கு. முன்கதவு, பின்கதவு இரண்டிலும் ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். ஒரு மணி நேரம் நிற்கிற விமானத்துக்கு நாளில் ஒன்றிரண்டு நடை போய்விடும். குத்தகைப் பணம் மட்டும் குறையாது.

ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 விமானத்தில் பிசினஸ் வகுப்பு வைத்தால் சுமார் 150 இருக்கை. எல்லாமே எகானமி என்றால் 180. எரிபொருள் ஏறக்குறைய அதேதான்.

இதைவிடக் கொடுமை, ஐந்தாறு வகை விமானங்களை வைத்துக்கொள்வது. போயிங் 737 ஓட்டும் விமானி, தனித் தகுதி பெறாமல் ஏ320-ஐ எடுக்க முடியாது. உதிரி பாகங்களும் வேறு வேறு. ஒரு விமானம் பழுதானால், பக்கத்தில் வேறு வகை விமானம் சும்மா நின்றாலும் ஓட்ட ஆள் இருக்காது.