சோதனைத் தாளும் அடங்கலும்

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. அன்று எடுத்த ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகச் சில பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம். அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கம் சொன்னதும், "அட, விஞ்ஞானிகள் இல்லையா?" என்று பலருக்கு முகம் வாடிவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்குள் பெண் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் இல்லாமல் போயிருந்தாலும் அந்தப் படம் எனக்குப் பெருமையான படம்தான்.

ஏனென்றால், கொள்முதல் பிரிவும் கணக்குப் பிரிவும் அசையாமல் எந்த விண்கலமும் அசையாது. விண்வெளித் தரத்தில் ஒரு கனெக்டர் (மின்கம்பிகளை இணைக்கும் செருகி) வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றால் டெண்டர், ஒப்பந்தம், ஏற்றுமதி உரிமம், சுங்கம் என்று மாதக்கணக்கில் ஓடும். பெங்களூரில் இஸ்ரோவில் நான் சேர்ந்த புதிதில், கொள்முதல் பிரிவில் இருந்த ஒரு அம்மா எங்கள் பிரிவுக்கே நடந்து வந்து, "இந்தப் பொருள் எந்தத் தேதிக்குள்ள வரலைன்னா உங்க வேலை நிக்கும்? அதை மட்டும் சரியா எழுதிக் கொடும்மா" என்று கேட்பார். நாங்கள் 'அவசரம்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்குத் தேதி வேண்டும், காரணம் வேண்டும், கீழே கையெழுத்து வேண்டும். பொறியியல் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது. பிற்பாடு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்தபோது என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

என் வேலை செயற்கைக்கோள்களைச் சோதிப்பது. தூசி புகாத கிளீன் ரூமுக்குள் போகும்போது பூ கூடாது, பவுடர் கூடாது, கண் மை கூடாது, வளையல் கூடாது. தலைமுடி முழுக்கத் தொப்பிக்குள் போகவேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து தரை இணைப்புக்கு ஒரு கம்பி. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஒரு மின்னணுச் சில்லைக் கண்ணுக்குத் தெரியாமலே கொன்றுவிடும். உள்ளே ஒரு கனெக்டரைச் செருகினால் லாக் புக்கில் எழுதவேண்டும், கழற்றினாலும் எழுதவேண்டும். இத்தனை முறைக்கு மேல் செருகக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. அதனால் அதன் வாய்க்கு முன்னால் 'சேவர்' என்று ஒரு துணைக் கனெக்டரைப் பொருத்தி, சோதனைத் தேய்மானத்தை எல்லாம் அதன் தலையில் கட்டிவிடுவோம். பறக்கப்போகும் கனெக்டரின் முள் ஒன்றுகூட வளையக் கூடாது.

நான் அதிக காலம் கழித்தது தெர்மோவாக் கூடத்தில். முழு செயற்கைக்கோளையும் ஒரு பெரிய கலத்துக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுற்றுச் சுவரில் திரவ நைட்ரஜனை ஓடவிடுவோம். அது மைனஸ் 196 டிகிரி. ஒரு பக்கம் குளிர வைப்போம், பிறகு சூடேற்றுவோம், மறுபடி குளிர வைப்போம். இரவு பகலாக, நாள் கணக்கில், ஷிஃப்ட் போட்டு நடக்கும். வெற்றிடத்தில் வெப்பத்தை எடுத்துப் போகக் காற்று கிடையாது. தொடும் இடம் வழியாகவும் கதிர்வீச்சாகவும்தான் அது வெளியேற முடியும். ஒரு திருகு சரியாக இறுகாவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டி வெந்துபோகும்.

ஒரு நள்ளிரவு ஷிஃப்ட்டில், ஒரு வெப்ப உணரி மட்டும் அக்கம்பக்கத்து உணரிகளோடு ஒத்துப்போகாமல் எண் காட்டியது. மூத்த அதிகாரி வந்து பார்த்தார்.

"சென்சார் ஒட்டு விட்டிருக்கும்மா. பெட்டிக்கு ஒண்ணும் ஆகலை. மேல போலாம்."

"இருக்கலாம் சார். எழுதிட்டுப் போலாம்."

ஒரு நொடி என்னைப் பார்த்தவர், பேனாவை வாங்கி, சோதனையில் ஒத்துவராததைப் பதியும் முரண்பாட்டு அறிக்கையில் தன் கணிப்பைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே, கலத்தைத் திறந்ததும் எந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் எழுதினேன். திறந்தபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. உணரி பசையிலிருந்து விடுபட்டிருந்தது. ஆனால் அதைத் தேடி யாரும் அலையவில்லை. நேராகப் போய்ப் பார்த்தோம், சரிசெய்தோம், அறிக்கையை மூடினோம்.

எனக்குக் குரல் சன்னம். ஆய்வுக் கூட்டங்களில் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். தாளில் எழுதியதற்குக் குறுக்கே மட்டும் யாராலும் பேசமுடியாது. மூடப்படாத அறிக்கை ஒன்று இருந்தாலும், அதற்குப் பதில் சொல்லாமல் செயற்கைக்கோள் அடுத்த கட்டத்துக்கு நகராது. பெண்களுக்குத் தனிச் சலுகை தரவேண்டும் என்று நான் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. இப்படி ஒரு முறை இருந்தால் போதும், எங்கள் வேலை தானே பேசும். 2011இல் ஏவப்பட்ட ஜிசாட்-12 செயற்கைக்கோள் திட்டத்துக்கு டி.கே. அனுராதா, 2012இல் ஏவப்பட்ட ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-1க்கு அரியலூர்க்காரரான என். வளர்மதி, சந்திரயான்-2க்கு எம். வனிதா, ஆதித்யா-எல்1க்குச் செங்கோட்டையின் நிகர் ஷாஜி என்று வரிசையாகப் பெண்கள் திட்ட இயக்குநர்கள் ஆனதில் இந்த எழுத்து ஒழுங்குக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுப் பக்கம் அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிரசவ விடுப்பு 180 நாள் ஆனதும், 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வந்ததும் 2008இல்தான். அதற்குள் என் மகள் வளர்ந்துவிட்டாள். இரவு ஷிஃப்ட்டுகள் நடந்தது என் மாமியாரின் முதுகுவலியின் மேல். அதற்கு எந்த லாக் புக்கிலும் இடமில்லை.

பிறகு டில்லிக்கு அயல்பணி. செயற்கைக்கோளைச் செய்யும் இடத்திலிருந்து, அதன் தரவைப் பயன்படுத்தும் இடத்துக்கு. 2012 ஏப்ரல் 26 அன்று ரிசாட்-1 ஏவப்பட்டது. பயிர் விளைச்சலை முன்கூட்டியே கணிக்கும் மகலனோபிஸ் மையம் டில்லியில் தொடங்கியதும் அதே மாதம்தான். சாதாரணக் கேமரா மேகத்துக்கு மேலேயே நின்றுவிடும். காவிரிப் படுகையில் சம்பா நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகும் நாளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ரேடாருக்கு மேகம் ஒரு தடையே இல்லை. நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் பட்ட அலை வழுக்கி அப்பால் போய்விடும், திரும்பி வராது. அதனால் படத்தில் அந்த வயல் கறுப்பாக விழும். பயிர் தூர்கட்டி வளர வளர, தண்டில் பட்டு அலை சிதறித் திரும்பும். அதே வயல் வெளுக்கத் தொடங்கும். முதலில் கறுத்துப் பிறகு வெளுத்தால் அது நெல். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதில் வந்ததைவிட, நான் பிறந்த ஊர்ப் பக்கத்து வயல்கள் திரையில் ஒவ்வொன்றாக வெளுத்துவந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பெரிது.

சரிபார்ப்புக்காக நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போனோம். கிராம நிர்வாக அலுவலர் இளம் பெண். கையில் அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்தத் தண்ணீர் என்று அதில் வரி வரியாக இருந்தது. எங்கள் படத்தில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டி, "இங்கே நடவு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். வரப்பில் நின்றபடியே புல எண்ணைப் பார்த்தார்.

"அது வயல் இல்லீங்க மேடம், இறால் குட்டை. எப்பவும் தண்ணிதான் நிக்கும். எழுதியிருக்கேன் பாருங்க."

எழுதியிருந்தார். அடுத்தடுத்த தேதிகளின் படங்கள் வந்தபோதும் அந்தத் திட்டு வெளுக்கவே இல்லை. கடலோரத்தில் ஒரே ஒரு தேதியின் படத்தை வைத்து நெல் பரப்பு சொல்லக்கூடாது என்று அறிக்கையில் சேர்த்தோம். அவர் திருத்தித் தந்த புல எண்களைத் தனி இணைப்பாகவே வைத்தேன்.

ரிசாட்-1இன் காலம் 2017இல் முடிந்தது. அதன் இடத்துக்கு ஈஓஎஸ்-04 2022 பிப்ரவரி 14 அன்றுதான் போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1 இலவசமாகத் தந்த தரவு கைகொடுத்தது. ஒரு செயற்கைக்கோள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கான கோப்பை நகர்த்தத் தொடங்கவேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதனால்தான். விவசாயிக்கு ஒவ்வொரு போகமும் ஒரே ஒரு முறைதான் வருகிறது.

களச் சரிபார்ப்புக்குப் பயணப்படி கேட்டு நான் அனுப்பிய கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "செயற்கைக்கோளே பார்க்கிறது என்றால், ஆட்கள் எதற்கு நேரில் போகவேண்டும்?" நியாயமான கேள்விதான், பணத்துக்குப் பொறுப்பானவர்கள் கேட்கத்தான் வேண்டும். நான் நீளமாக விளக்கவில்லை. இறால் குட்டை விழுந்த ரேடார் படத்தையும், அந்தப் புல எண் இருந்த அடங்கல் பக்கத்தின் நகலையும் அருகருகே வைத்து, எந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் அந்தப் பருவத்தின் கணிப்பு கெடும் என்று எழுதி, கீழே கையெழுத்திட்டு அனுப்பினேன். அந்தச் சம்பாவுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஆண்டுச் சம்பாவுக்கு நடவு தொடங்கும் முன்பே அனுமதி வந்தது.